சியர்ஸ்... சங்குப்பூ கலரில்!

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் போதும், எல்லா கேங்கிலும் ஒரே கேள்விதான். "மச்சி, நியூ இயருக்கு என்ன பிளான்?" அதுக்குள் இருக்கிற கிளைக் கேள்விகளும் நமக்குத் தெரியும். எந்த மொட்டை மாடி, தலைக்கு எவ்வளவு, சரக்கு வாங்கப் போவது யார்? இந்தப் பேச்சு ஆரம்பித்ததும் கூட்டத்தில் ஒருத்தரோ ரெண்டு பேரோ மட்டும் திடீரென்று செல்போனில் மூழ்கிவிடுவார்கள். கவனித்திருக்கிறீர்களா? அவர்களுக்காகவும், அவர்களுக்கு ஃப்ரெண்டாக இருக்கிற உங்களுக்காகவும்தான் இது.

உடனே பக்கத்தைப் புரட்டிடாதீங்க ப்ளீஸ்! லெக்சர் அடிக்க நான் வரவில்லை. தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். டிகிரி படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறோம். அதைச் சொல்லிவிட்டு அந்த மேட்டரை அப்படியே ஓரமாக வைக்கிறேன். நான் கொண்டுவந்திருப்பது ஒரு ரெசிபி. கலர் கலராக, புஸ்ஸென்று பொங்குகிற ஒரு பார்ட்டி டிரிங்க். கூடவே அது பிறந்த கதை.

காக்டெயில் என்ற வார்த்தைக்கு ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. 1806-ல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரில் வந்த பத்திரிகை ஒன்று, காக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்குப் பதில் எழுதியது. ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு, இந்த நாலும் சேர்ந்தால் காக்டெயில். அவ்வளவுதான் ஃபார்முலா. இதில் முதல் ஐட்டத்தைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். மிச்சம் மூணும் நம்ம ஊர் சர்பத் வண்டியில் இல்லையா என்ன? நன்னாரி வேரில் லேசான கசப்பு, பாகில் இனிப்பு, எலுமிச்சையில் புளிப்பு, மேலே சோடா, மிதக்க சப்ஜா விதை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒற்றைக் கையால் பழம் பிழிந்து, மறு கையால் கோலியைத் தட்டுகிற அண்ணன்தான் நமக்குத் தெரிந்த முதல் பார்டெண்டர். ஸ்டார் ஹோட்டலில் அதே சமாச்சாரத்துக்கு மாக்டெயில் என்று பேர் வைத்துப் பத்து மடங்கு பில் போடுகிறார்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

காலேஜுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்பது பேர் தங்கியிருந்தோம். அதில் என் ரூம்மேட் ஒருத்தன். ஊரில் நடக்கிற எல்லாத்துக்கும் முன்னால் நிற்பான். ரத்தம் கொடுக்கணுமா, அரியர் எழுதுகிறவனை விடிய விடிய உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கணுமா, கூப்பிட்டால் வந்துவிடுவான். ஆனால் டிசம்பர் 31 மட்டும் ஆள் மிஸ்ஸிங். மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு, "அத்தை வீட்டுக்குப் போறேன்டா" என்று கிளம்பிவிடுவான். ஃபர்ஸ்ட் இயர் அத்தை வீடு. செகண்ட் இயரும் அத்தை வீடு. ஜனவரி 1 காலையில் கண்ணெல்லாம் சிவந்து திரும்பி வருவான். "அத்தை வீட்டுல செம சாப்பாடு போல" என்று பசங்க ஓட்டுவார்கள். அவனும் சிரிப்பான்.

ஃபைனல் இயர் டிசம்பர். ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. ரெண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். "இந்தத் தடவை நானும் உங்க அத்தை வீட்டுக்கு வரட்டுமா?" என்று சும்மாதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னான்.

"எனக்கு அத்தையே கிடையாதுடா."

ரெண்டு வருஷமும் அவன் புது வருஷத்துக்குப் போன இடம் பஸ் ஸ்டாண்டு. டீயைக் குடித்துக்கொண்டு, திருச்சி பஸ்ஸையும் கோயமுத்தூர் பஸ்ஸையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு, விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். ஏன்டா என்று கேட்டதற்கு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவானுங்கன்னு பயமில்லடா. வேணாம்னா விட்டுடுவானுங்க, நம்ம பசங்க நல்லவனுங்க. ஆனா ஏன் குடிக்கலைன்னு ஒருத்தனாவது கேப்பான். அதுக்குப் பதில் எங்கப்பா. எங்கம்மா நகை, எங்க வீட்டுக் கதவு, எங்க தெரு, எல்லாம் அந்தப் பதில்ல வரும். அதை ஒரு பார்ட்டியில வெச்சு எப்படிடா சொல்றது? பொய் சொன்னா எங்கம்மாவுக்குத் துரோகம். உண்மையைச் சொன்னா எங்கப்பாவுக்கு."

கரண்ட் வந்தது. அவன் எழுந்து படிக்கப் போய்விட்டான்.

யோசித்துப் பாருங்கள் ஃப்ரெண்ட்ஸ். கையில் கிளாஸ் இல்லாமல் நிற்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும். சபரிமலைக்கு மாலை போட்டிருப்பான். டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். மார்க்கக் கட்டளை இருக்கும். விடிகாலையில் முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போக வேண்டியிருக்கும். 'எனக்கு அந்த ஸ்மெல்லே பிடிக்காது' என்பதும் முழுக் காரணம்தான். இதில் எதையும் அந்த ராத்திரியில் யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் இல்லாமல் செய்ய முடியுமா? முடியும். எல்லார் கையிலும் ஒரே மாதிரி அழகான கிளாஸ் இருந்துவிட்டால் கேள்விக்கே வேலை இல்லை. ஓரமாக ஒருத்தனுக்கு மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் கூல்டிரிங்க்ஸ் நீட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது. நாம் கலக்குகிற டிரிங்க்தான் அன்றைக்கு ஹீரோவாக இருக்கணும்.

இதை ரூமில் எப்படிச் சொல்வது? அவன் கதையை யாரிடமும் சொல்லவில்லை, அது அவனுடையது. "இந்த வருஷம் நாமளே ஒரு டிரிங்க் கண்டுபிடிக்கிறோம், கலர் மாறுற டிரிங்க்" என்று மட்டும் சொன்னேன். கலர் மாறும் என்றதுமே பசங்க விழுந்துவிட்டார்கள்!

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி, பார்ட்டிக்கு வந்தாச்சு

கலர் மாறும் மேஜிக்கைச் செய்வது சங்குப்பூ. வேலியில் படர்ந்து கிடக்குமே, அந்த நீலப் பூதான். காய்ந்த பூ நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெந்நீரில் போட்டால் பேனா மை மாதிரி நீலம் இறங்கும். அந்த நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் வகை நிறமிகள். புளிப்பு பட்டால் இந்த மூலக்கூறின் வடிவம் மாறும், அதோடு நிறமும் மாறும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நீலம் ஊதா ஆகும். இன்னும் விட்டால் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். ஸ்கூல் லேபில் லிட்மஸ் தாள் காட்டிய அதே வித்தைதான். ஆனால் இதைக் குடிக்கலாம்!

அடுத்தது, அடுக்கு. கீழே சிவப்பு, மேலே நீலம் என்று தனித்தனியாக நிற்பதற்கு ஜெலட்டினும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. எடைக்கு எடை சர்க்கரை கரைத்த பாகு, லிட்டருக்குச் சுமார் 1.23 கிலோ. கனமானது கீழே படுத்துக்கொள்ளும், லேசானது மேலே நிற்கும். நாம் அவசரப்பட்டு ஊற்றாமல் இருந்தால் போதும்.

மூணாவது, அந்தப் 'புஸ்'. சோடாவின் பூர்வீகம் தெரிந்தால் சிரிப்பீர்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். பீர் புளிக்கும் தொட்டியின் மேலே ஒரு வாயு தேங்கி நிற்பதைப் பார்த்து, 1767 வாக்கில் அங்கே தண்ணீரை வைத்து அந்த வாயுவை அதில் ஏற்றிப் பார்த்தார். நாக்கில் சுருக்கென்று குத்துகிற தண்ணீர் கிடைத்தது. அந்த வாயுதான் கார்பன் டை ஆக்ஸைடு. ஆக, பீர் தொட்டிக்கு மேலே கிடைத்த சோடா, பீரை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. 1872-ல் ஹைரம் காட் என்ற இன்னொரு இங்கிலாந்துக்காரர் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே இருக்கிற வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி, கழுத்தில் இருக்கிற ரப்பர் வளையத்தில் இறுக்கி மூடிவிடும். அங்கே பிறந்த பாட்டில், நம்ம ஊரில்தான் பல தலைமுறை வாழ்ந்தது.

இந்த வாயுவைப் பற்றி ஒரே ஒரு ரகசியம் தெரிந்தால் போதும். அதுக்குக் குளிர் பிடிக்கும். 0 டிகிரி தண்ணீரில் கரைகிற அளவில் பாதிதான் 20 டிகிரி தண்ணீரில் கரையும். அதனால் வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தால் பாதி கேஸ் மூஞ்சியில் அடித்துவிட்டுப் போய்விடும். கிளாஸ், பாகு, நீலத் தண்ணீர், சோடா எல்லாமே ஜில்லென்று இருக்கட்டும். சோடாவைக் கடைசி நிமிஷத்தில் திறங்கள்.

இருபது பேருக்குக் கணக்கு

ரோஸ் சர்பத் 400 மில்லி. எலுமிச்சம்பழம் 10, நல்ல சாறுள்ளதாக. பிளெய்ன் சோடா 600 மில்லி பாட்டில் 4. காய்ந்த சங்குப்பூ இரண்டு கைப்பிடி. சப்ஜா விதை 2 டேபிள் ஸ்பூன். ஐஸ் 2 கிலோ. உப்பு, புதினா, ஒரு கைப்பிடி உலர் திராட்சை. அப்புறம் 250 மில்லி கண்ணாடி டம்ளர்கள். வாடகைப் பாத்திரக் கடையில் கேட்டால் கிடைக்கும். தூக்கி எறிகிற பிளாஸ்டிக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பேப்பர் கப்பில் ஊற்றினால் கலர் தெரியாது. பட்ட பாடெல்லாம் வேஸ்ட்.

சாயங்காலமே ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சங்குப்பூவைப் போட்டுப் பத்து நிமிஷம் மூடிவையுங்கள். வடிகட்டி, ஆறியதும் ஃப்ரிட்ஜில். சர்க்கரை போடவே கூடாது, போட்டால் கனம் ஏறி மேலே நிற்காது. சப்ஜாவை அரை மணி நேரம் ஊறவையுங்கள். எலுமிச்சையைப் பிழிந்து கொட்டை எடுத்து வையுங்கள். வேலியில் பறித்த பூ என்றால் மருந்து அடிக்காத செடியா என்று பார்த்து, பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவிப் போடுங்கள். எது சங்குப்பூ என்று சந்தேகமாக இருந்தால் கடையில் வாங்குவதே நல்லது.

இப்போது ஒரு டம்ளர். அடியில் ரோஸ் சர்பத் 20 மில்லி. அதிலேயே எலுமிச்சைச் சாறு 10 மில்லி விட்டுக் கலக்குங்கள். ஒரு ஸ்பூன் சப்ஜா. விளிம்பு வரை ஐஸ். டம்ளரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஓரமாகச் சோடா 100 மில்லி. கடைசியில் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து ஐஸுக்கு மேலே பிடித்து, அதன் முதுகில் நீலத் தண்ணீரை 40 மில்லி அளவுக்கு மெதுவாக வழியவிடுங்கள். மேலே நீலம், நடுவில் ஊதா, அடியில் சிவப்பு. ஒரு புதினா இலை. தட்!

திராட்சை எதுக்கு? சோடாவில் ரெண்டு உலர் திராட்சையைப் போட்டுப் பாருங்கள். சுருக்கங்களில் குமிழ் குமிழாகக் கேஸ் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். மேலே வந்ததும் குமிழ் உடைந்து திரும்ப மூழ்கும். லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கி டான்ஸ் ஆடும். உப்பு? அது மசாலா சோடா பிரியர்களுக்கு. ஒரு சிட்டிகை போட்டால் புஸ்ஸென்று நுரை பொங்கிவிடும், அதனால் கடைசியில் மட்டும். சர்க்கரை ஆகாத ஃப்ரெண்டுக்கு சர்பத்தை விட்டுவிட்டு எலுமிச்சை, உப்பு, சோடா, நீலத் தண்ணீர். அதுவும் பார்க்க சூப்பராகத்தான் இருக்கும். நன்னாரி ரசிகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நன்னாரியோடு நீலம் சேர்ந்தால் கலங்கல் கலர் வரும். அதைத் தனி டம்ளரில் எலுமிச்சை, சோடாவோடு அதன் அழகிலேயே குடியுங்கள்.

ஐஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டியை வாங்காதீர்கள், குடிக்கிற தண்ணீரில் செய்ததையே வாங்குங்கள். புகை வரவழைக்கிறேன் என்று டிரை ஐஸ், திரவ நைட்ரஜன் பக்கம் போகவே போகாதீர்கள். வாயும் வயிறும் வெந்துவிடும். திரவ நைட்ரஜன் ஊற்றிய 'ஸ்மோக் பிஸ்கட்' வேண்டாம் என்று 2024-ல் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது சும்மா இல்லை.

அன்றைக்கு ராத்திரி

டிசம்பர் 31 மத்தியானம் என் ரூம்மேட் பையை எடுக்கவில்லை. "சர்பத் யாருடா ஊத்தப் போறது?" என்று கேட்டான். நான்தான் என்றேன். என் கையைப் பார்த்துவிட்டு, "ஸ்பூனை அப்படிப் பிடிச்சா கலங்கிடும், நகரு" என்றான். அப்புறம்தான் தெரிந்தது, ஸ்கூல் லீவில் ரெண்டு கோடைக்கு அவன் ஊர் சர்பத் கடையில் வேலை பார்த்திருக்கிறான். சம்பளத்தை அம்மா கையில் கொடுக்க. ஒற்றைக் கையால் எலுமிச்சை பிழிகிற லாவகம் அங்கே வந்ததுதான்.

பதினொன்றரைக்கு மாடியில் இருபது டம்ளர் வரிசையாக நின்றது. சின்ன பல்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் மூணு கலர். அதுவரை கத்திக்கொண்டிருந்த பசங்க கப்சிப். செல்போன் எல்லாம் வெளியே வந்தது. பன்னிரண்டு அடித்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் ஸ்பூனைப் போட்டுக் கலக்கணும் என்று ஏற்பாடு. கலக்கினோம். மாடி முழுக்க நீலம் ஊதாவாகி, ஊதா ரோஸ் ஆனது. "டேய் டேய் டேய்!" என்று ஒரே கூச்சல். ஒரு ஜூனியர் பையன் என் ரூம்மேட்டிடம் ஓடிவந்து ரகசியமாகக் கேட்டான்: "அண்ணே, இதுல என்ன சரக்கு போட்டீங்க?" இவன் சீரியஸாகச் சொன்னான்: "வேலியில படர்ற சரக்குடா. இன்னொண்ணு வேணுமா?"

அன்றைக்கு யாருமே குடிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்லப் போவதில்லை. நாலு பேர் பின்பக்கம் போய்விட்டு வந்தார்கள். ஆனால் அவர்கள்தான் ஓரமாகப் போனார்கள். நடுவில் இருந்தது எலுமிச்சையும் சோடாவும். என் ரூம்மேட்டிடம் ஏன் குடிக்கலை என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. கேட்பதற்கு நேரமே இல்லை, எல்லாரும் ரெண்டாவது டம்ளருக்கு அவனைத்தான் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணிக்கு டம்ளரெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தன் பாயில், தன் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தான். மூணு வருஷத்தில் முதல் தடவையாக.

நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்றால் ரெண்டே ரெண்டு ரூல். ஒண்ணு, பொதுப் பாத்திரத்தில் யாரும், விளையாட்டுக்குக்கூட, வேறு எதையும் கலக்கக் கூடாது. நம்பிக் குடிக்கிற ஒருத்தருக்கு மாத்திரை இருக்கலாம், விரதம் இருக்கலாம், வாக்குக் கொடுத்த ஒரு அம்மா இருக்கலாம். அதை உடைப்பது ஜோக் இல்லை. ரெண்டு, ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்கத் தோன்றினால் "இன்னொண்ணு ஊத்தவா?" என்று கேளுங்கள். சொல்ல விரும்புகிறவர்கள் கரண்ட் போன ஒரு ராத்திரியில் தானாகவே சொல்வார்கள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

நியூ இயர்தான் என்று இல்லை. பொங்கலுக்கு லீவு விடுவதற்கு முந்தின நாள், ஃபேர்வெல், ப்ளேஸ்மென்ட் கிடைத்த சாயங்காலம், எதுக்கும் இது செட் ஆகும். தலைக் கணக்கு எடுக்கும்போது செல்போனில் மூழ்கியிருக்கிற அந்த ரெண்டு பேரையும் சேர்த்து எண்ணுங்கள். எலுமிச்சம்பழம் மட்டும் கணக்குக்கு மேலே ஒரு நாலு சேர்த்து வாங்கிடுங்க. எப்படியும் பத்தாது!